போர்க்கால லார்ட்ஸ் சபை ஹான்சார்டை படிக்கிறது எப்படி (1939-45): படிப்படியா ஒரு முழு வழிகாட்டி

ரெண்டாம் உலகப் போர் சமயத்துல பிரிட்டிஷ் பார்லிமென்ட்டோட மேல்சபையில, அதாவது ஹவுஸ் ஆஃப் லார்ட்ஸ்ல, ஒரு நாள் என்ன நடந்துச்சுன்னு ஹான்சார்ட், அதாவது பார்லிமென்ட் பேச்சுகளோட அதிகாரபூர்வமான அச்சுப் பதிவு, எடுத்து பாக்கறவங்களுக்கு இது. ஆராய்ச்சி மாணவர்கள், மொழிபெயர்க்கறவங்க, சும்மா ஆர்வத்துல தேடறவங்க எல்லாரும் ஒரே எடத்துலதான் தடுக்கி விழறாங்க. நேரா நடுவுல இருக்கற பேச்சுக்குள்ள குதிச்சிடறாங்க. ஹான்சார்ட்ல பேச்சை கடைசியா படிக்கணும். அதுக்கு மேலயும் கீழயும் இருக்கற சடங்கு வரிகளை முதல்ல படிச்சாத்தான் அந்த பேச்சுக்கு என்ன எடைன்னே தெரியும், இல்லன்னா யாரோ ஒரு லார்ட் ஏதோ கோவமா பேசினாருங்கற அளவுலயே நின்னுடும்.

கீழ குடுத்திருக்கற வரிசையை மாத்தாம பண்ணுங்க. ஒவ்வொண்ணும் அடுத்ததுக்கு தேவைப்படும்.

1. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியது

முதல்ல சரியான தேதி. "1944 ஆரம்பத்துல குண்டுவீச்சு பத்தி ஒரு பிஷப் பேசினாராமே"ங்கற மாதிரி அரைகுறையா வச்சிட்டு சர்ச் பாக்ஸ்ல வார்த்தை போட்டு தேடாதீங்க. பழைய வால்யூம் எல்லாம் ஸ்கேன் பண்ணி எழுத்தா மாத்தினது, எழுத்து மாறிப் போயிருக்கும், பேர் ஒடஞ்சிருக்கும், உங்க வார்த்தை அங்க இருந்தும் சிக்காது. வருஷம், மாசம், தேதி, அப்புறம் லார்ட்ஸ் சிட்டிங்னு இறங்கிப் போனா அந்த நாளோட நடவடிக்கை முழுசா, நடந்த வரிசையிலயே கிடைக்கும். அந்த வரிசைதான் நமக்கு வேணும்.

ரெண்டாவது, 1939-லேர்ந்து 1945 வரைக்கும் யாரு எந்த அமைச்சர், எந்த சபைன்னு ஒரு பட்டியல். மூணாவது, பட்டப் பேரை வச்சு ஆளைக் கண்டுபிடிக்க ஒரு பியரேஜ் குறிப்பு, அதாவது எந்த பட்டத்தை எந்த வருஷம் யாரு வச்சிருந்தாங்கங்கற லிஸ்ட். ரெண்டும் இணையத்துலயே கிடைக்கும்.

நாலாவது ஒரு சின்ன டேபிள். தேதி, ரூம், பேசினவர், நடவடிக்கையோட வகை, முடிஞ்ச விதம்னு அஞ்சு கட்டம் போதும். பேச்சோட சாரத்துக்கு இதுல கட்டம் வைக்காதீங்க, வச்சா அதைத்தான் முதல்ல நிரப்புவீங்க.

இன்னொண்ணு, லார்ட்ஸுக்கும் கீழ்சபையான காமன்ஸுக்கும் வால்யூம் நம்பர் வேற வேற. ஒரு புத்தகத்தோட அடிக்குறிப்புல வெறும் வால்யூம் நம்பரைப் பாத்துட்டு வந்து தப்பான சபையோட வால்யூமை திறந்து வச்சிட்டு "இதுல இல்லையே"ன்னு முழிக்கறவங்க நிறைய. பக்க எண்ணும் கிடையாது. ஒரு பக்கத்துல செய்தித்தாள் மாதிரி ரெண்டு பத்தி (column, பாரா இல்ல) இருக்கும், ஒவ்வொரு பத்திக்கும் ஒரு எண், மேற்கோள் காட்டறது அந்த பத்தி எண்ணை வச்சுத்தான்.

2. அன்னிக்கு சபை எந்த ரூம்ல உக்காந்துச்சுன்னு முடிவு பண்ணுங்க

இது அலங்காரமான விவரம்னு நெனச்சு தாண்டிடாதீங்க, இதுல கோட்டை விட்டா சபையே மாறிடும்.

1940 நவம்பர்லேர்ந்து குண்டுவீச்சுக்கு பயந்து ரெண்டு சபையும் பக்கத்துல இருக்கற சர்ச் ஹவுஸ் கட்டடத்துக்கு அப்பப்ப போயிட்டு வந்துச்சு. 1941 மே 10 ராத்திரி விழுந்த குண்டுல காமன்ஸோட சேம்பர் எரிஞ்சு நாசமாச்சு. 1941 ஜூன் கடைசியிலேர்ந்து காமன்ஸ் வந்து லார்ட்ஸோட சேம்பர்ல உக்காந்துக்கிச்சு, லார்ட்ஸ் தன்னோட எடத்தை விட்டுக் குடுத்துட்டு ராஜா அங்கி மாத்திக்கற ரூமுக்கு, ராபிங் ரூம்னு சொல்லுவாங்க, அங்க குடிபோச்சு. போர் முடிஞ்சும் அங்கதான். 1950 அக்டோபர்ல காமன்ஸுக்கு புது சேம்பர் ரெடியாகி அவங்க கிளம்பின பிறகு, 1951-லதான் லார்ட்ஸ் பழைய எடத்துக்கு திரும்பினாங்க.

இதனால வர்ற தப்பைப் பாருங்க. 1943 அக்டோபர் 28 அன்னிக்கு எரிஞ்சுபோன காமன்ஸ் சேம்பரை எப்படி திரும்பக் கட்டறதுன்னு சர்ச்சில் பேசினது ரொம்ப பிரபலம். "லார்ட்ஸ் சேம்பர்ல பேசினார்"னு எங்கயாவது படிச்சிட்டு வந்து லார்ட்ஸ் ஹான்சார்ட்ல தேடினா ஒண்ணும் கிடைக்காது. எடம் லார்ட்ஸ் சேம்பர், ஆனா அது காமன்ஸ் கூட்டம். சர்ச்சில் காமன்ஸ் உறுப்பினர், அவருக்கு லார்ட்ஸ்ல பேச வேலையே இல்ல.

ஹான்சார்டோட முதல் வரி, சபை இத்தனை மணிக்கு கூடிச்சு, சபைக்கு தலைமை வகிச்ச லார்ட் சான்சலர் வுல்சாக்ல உக்காந்திருந்தார்னு மட்டும்தான் சொல்லும். வுல்சாக்ங்கறது கம்பளி அடைச்ச அந்த சிவப்பு இருக்கை. அந்த வரியை வச்சு ரூமைக் கண்டுபிடிக்க முடியாது, தேதியை வச்சு நீங்கதான் கட்டத்துல எழுதிக்கணும். ராபிங் ரூம் சின்ன ரூம், சேம்பர் மாதிரி நீள நீளமா பெஞ்ச் வரிசை போட எடம் இல்ல. "நெரிசலான மாபெரும் சபை முன்னாடி"ன்னு மொழிபெயர்ப்புல அளந்து விடறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை நெனச்சுக்கோங்க.

3. பட்டத்தை ஆளோட சேருங்க

அதிக நேரம் இங்கதான் போகும், போகட்டும்.

ஒரே ஆளு, வேற பேரு. தாமஸ் இன்ஸ்கிப்னு காமன்ஸ்ல இருந்தவர் 1939 செப்டம்பர்ல லார்ட் சான்சலர் ஆனதும் வைகவுன்ட் கால்டெகோட். பொருளாதார நிபுணர் கெய்ன்ஸ் 1942-லேர்ந்து லார்ட் கெய்ன்ஸ், இது சுலபம். சர்ச்சிலோட விஞ்ஞான ஆலோசகர் லிண்டெமன் 1941-லேர்ந்து லார்ட் செர்வெல், இதைத் தெரியாம தேடினா சிக்கவே மாட்டார். கான்டர்பரி ஆர்ச்பிஷப்பா இருந்த லாங் 1942-ல ஓய்வு பெற்ற பிறகு லார்ட் லாங் ஆஃப் லாம்பெத்னு திரும்ப வர்றார். பிஷப்பா பேசினவர் அப்புறம் சாதாரண லார்டா பேசறார், ரெண்டும் ஒரே ஆள்.

ஒரே பேரு, வேற ஆளு. போர்ல இது ரொம்ப சகஜம், பட்டம் வச்சிருந்தவர் செத்துட்டா அடுத்தவர் அதே பேர்ல வந்து உக்காருவார். லார்ட் லாயிட் 1941 பிப்ரவரி ஆரம்பத்துல இறந்தார். லார்ட் மாய்ன் 1944 நவம்பர்ல கெய்ரோவுல சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த தேதிகளுக்கு அப்புறம் அதே பேரைப் பாத்தீங்கன்னா அது மகன். தேதியைப் பாக்காம பேரை மட்டும் பாத்தா செத்தவரை பேச வச்சிடுவீங்க.

லார்டுன்னு பேரு, ஆனா காமன்ஸ்ல இருக்கார். அப்பா உயிரோட இருக்கும்போது பெரிய குடும்பத்து மூத்த மகனுக்கு மரியாதைக்காக ஒரு பட்டம் உண்டு, அதுக்கு லார்ட்ஸ்ல சீட் கிடையாது. லார்ட் டங்க்ளாஸ் போர்க்காலம் முழுக்க காமன்ஸ் எம்பி, பின்னாடி பிரதமர் ஆன அலெக் டக்ளஸ்-ஹோம்தான் அவர். எர்ல் விண்டர்டன் அயர்லாந்து பட்டக்காரர், அவரும் காமன்ஸ்லதான். பட்டத்தைப் பாத்தே சபையை முடிவு பண்ணாதீங்க.

கடைசியா, அடைப்புக்குறிக்குள்ள இன்னொரு பேரு. வைகவுன்ட் கிரான்போர்ன்னு போட்டு பக்கத்துல அடைப்புக்குறியில லார்ட் செசில்னு இருக்கும். ரெண்டு பேர் சேர்ந்து பேசினாங்கன்னு எழுதினவங்களும் உண்டு! கிரான்போர்ன் அவருக்கு மரியாதைப் பட்டம்தான். அவங்க அப்பா சாலிஸ்பரி மார்க்வெஸ் உயிரோட இருக்கும்போதே, 1941-ல, அப்பாகிட்ட இருந்த சின்ன பட்டங்கள்ல ஒண்ணை வச்சு மகனை முன்கூட்டியே லார்ட்ஸுக்கு கூப்பிட்டுக்கிட்டாங்க. சபையில சீட் குடுக்கறது அந்த செசில் பட்டம், ஊர் கூப்பிடறது கிரான்போர்ன். ஸ்காட்லாந்து, அயர்லாந்து பட்டக்காரங்களுக்கும் இதே மாதிரி அடைப்புக்குறி வரும், காரணமும் அதேதான். இந்த கிரான்போர்ன் 1942 பிப்ரவரியிலேர்ந்து 1945 வரைக்கும் லார்ட்ஸ்ல அரசாங்கத்தோட தலைவர், அதனால இவர் பேரை நல்லா மனசுல போட்டுக்கோங்க, அரசாங்கத்தோட பதில் பாதி இவர் வாயாலதான் வரும்.

4. எந்த அமைச்சர் எந்த சபைன்னு பாருங்க

நம்ம ஊர்ல எந்த மத்திய அமைச்சரும் மக்களவை, மாநிலங்களவை ரெண்டுலயும் போய் பேசலாம், அரசியலமைப்போட 88-வது பிரிவு அந்த உரிமையைக் குடுக்குது, ஓட்டு மட்டும் அவங்க உறுப்பினரா இருக்கற சபையில. அந்தப் பழக்கத்துல வந்து இந்தியா விவகாரச் செயலர் அமெரி லார்ட்ஸ்ல என்ன சொன்னார்னு தேடறாங்க. பிரிட்டன்ல அமைச்சர் தன்னோட சபையில மட்டும்தான் பேசுவார். அமெரி காமன்ஸ்காரர். லார்ட்ஸ்ல அவருக்காக இந்தியா ஆபீஸோட துணைச் செயலர் பேசுவார்: 1940-லேர்ந்து 1942 வரைக்கும் டெவன்ஷயர் டியூக், அப்புறம் எர்ல் ஆஃப் மன்ஸ்டர், 1944 கடைசியிலேர்ந்து எர்ல் ஆஃப் லிஸ்டோவெல். வங்காளப் பஞ்சம் பத்தி தேடறவங்களுக்கு இந்த மூணு பேரு தெரியாம ஒரு அடி கூட நகர முடியாது.

இதையே திருப்பிப் போட்டா லாபம். உணவு அமைச்சர் உல்டன் 1940-லேர்ந்து 1943 வரைக்கும், போர்க்காலப் போக்குவரத்து அமைச்சர் லெதர்ஸ் 1941-லேர்ந்து 1945 வரைக்கும், ரெண்டு பேருமே லார்ட்ஸ். ரேஷன் பத்தி அமைச்சரே நேரடியா என்ன சொன்னார்னு வேணும்னா லார்ட்ஸ் ஹான்சார்டுக்கு வாங்க, காமன்ஸ்ல அவரோட துணைச் செயலர் குரல்தான் கிடைக்கும். வெளியுறவு அமைச்சர் ஹாலிஃபாக்ஸும் 1940 டிசம்பர் வரைக்கும் இங்கதான். அதுக்கப்புறம் அந்தப் பதவி ஈடன்கிட்ட, காமன்ஸுக்கு போயிடுச்சு, ஹாலிஃபாக்ஸ் வாஷிங்டனுக்கு தூதரா கிளம்பிட்டார்.

5. மேல இருக்கற சின்ன வரிகளை தாண்டாதீங்க

கூடின நேரம், பிரார்த்தனை, புதுசா வந்து உக்காந்தவங்க, ராஜாவோட செய்தி, இதெல்லாம் ரெண்டு மூணு வரியில முடிஞ்சிடும். படிக்க பத்து செகண்ட் ஆகாது.

கூடின நேரத்தை ஏன் பாக்கணும்னா, போருக்கு முன்னாடி சாயங்காலமா கூடி ராத்திரி வரைக்கும் போற பழக்கம் லண்டன் முழுக்க விளக்கணைச்சு கிடந்தப்போ ஒத்து வரல, கூட்டத்தை முன்னாடி தள்ளினாங்க. பேச்சாளர் "நேரமாச்சு, சுருக்கமா முடிக்கறேன்"னு சொன்னா அது வெறும் பணிவா, இல்ல நிஜமாவே இருட்டறதுக்குள்ள வீடு போகணுமான்னு இந்த வரியை வச்சு யோசிக்கலாம்.

புதுசா வந்தவங்கள்ல ரெண்டு வகை. புதுப் பட்டம் வாங்கினவரை ரெண்டு லார்டுங்க கூட்டிட்டு வருவாங்க, அது அறிமுகம். பரம்பரைப் பட்டத்துக்கு அந்த அறிமுகம் கிடையாது, ஒரே ஒரு வரி: இன்ன லார்ட், அப்பா இறந்த பிறகு முதல் தடவையா சபையில உக்காந்தார். அப்பான்னு இருக்கற எடத்துல அண்ணன்னோ தாத்தான்னோ வந்தா கொஞ்சம் நில்லுங்க. நடுவுல ஒரு ஆளோ ஒரு தலைமுறையோ போயிருக்கு, போர்லயா இல்லையான்னு பியரேஜ்ல பாத்துக்கலாம். சபைக்குறிப்பு அதைப் பத்தி வேற எதுவும் சொல்லாது, அடுத்த வரியில யாரோ உருளைக்கிழங்கு பத்தி கேள்வி கேட்டுட்டு இருப்பாங்க.

6. இது என்ன வகை மோஷன்னு (சபை முன்னாடி வைக்கற முன்மொழிவு) கண்டுபிடிங்க

இந்த வழிகாட்டியில ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன்னா இதைப் படிங்க.

ஸ்டார் போட்ட கேள்வின்னா சின்ன கேள்வி, சின்ன பதில், அவ்வளவுதான், விவாதம் வராது. பெரிய விவாதங்கள்ல பெரும்பாலானது வேற உருவத்துல வரும்: இன்ன விஷயத்துல சபையோட கவனத்தை ஈர்க்கறேன், "பேப்பர்களைக் கோரி முன்மொழியறேன்"னு முடியும். புதுசா வர்றவங்க இதை அப்படியே நம்பி, எந்த ஆவணத்தைக் கேட்டார், அரசாங்கம் குடுத்துச்சா, ஆர்க்கைவ்ஸ்ல இருக்கான்னு தேடிப் போயிடறாங்க. ஒரு பேப்பரும் கிடையாது. லார்ட்ஸ்ல விவாதம் நடத்த ஒரு மோஷன் வேணும், மோஷன் போட்டவருக்கு கடைசியில திரும்பப் பேச உரிமை கிடைக்கும், அதுக்கான சாக்குதான் இந்த பேப்பர். அமைச்சர் பதில் சொன்னதும் மோஷன் போட்டவர் நன்றி சொல்லிட்டு சபையோட அனுமதியோட அதை வாபஸ் வாங்கிடுவார். தப்பித் தவறி நிறைவேறிட்டா எந்த பேப்பரை நீட்டறதுன்னு யாருக்கும் தெரியாது.

அதனால கடைசியில "மோஷன், அனுமதியோட, வாபஸ்"னு வர்றதைப் பாத்துட்டு "பயந்து பின்வாங்கிட்டார்", "தோத்துட்டார்"னு எழுதாதீங்க. வாபஸ்தான் வழக்கம். வாபஸ் வாங்காம ஓட்டுக்கு விட்டா அதுதான் செய்தி.

இதுக்கு நேர்மாறா இருக்கறது தீர்மானம். 1943 மார்ச் 23 அன்னிக்கு கான்டர்பரி ஆர்ச்பிஷப் வில்லியம் டெம்பிள் கொண்டு வந்ததைப் பாருங்க, லார்ட்ஸ் வால்யூம் 126, பத்தி 811-லேர்ந்து. எதிரி நாடுகள்லயும் எதிரி பிடியில இருக்கற நாடுகள்லயும் யூதர்களும் மத்தவங்களும் கொல்லப்படறதையும் பட்டினி போடப்படறதையும் சொல்லி, தப்பிச்சு வரக்கூடியவங்களுக்கு உடனே பெரிய அளவுல உதவியும் தற்காலிகப் புகலிடமும் குடுக்க அரசாங்கம் எடுக்கற நடவடிக்கைக்கு இந்த சபை முழு ஆதரவு தரும்னு அந்த மோஷன் சொல்லுது. பேப்பர்ங்கற பேச்சே இல்ல. வெறுமனே விவாதம் நடத்த வரல, சபையையே ஒரு நிலைப்பாடு எடுக்கச் சொல்றார். வரலாற்றோட, மனிதகுலத்தோட, கடவுளோட கூண்டுல நாம நிக்கறோம்னு அவர் பேசினது எல்லா புத்தகத்துலயும் வரும், ஆனா அந்த வாக்கியத்துக்கு இருக்கற பலம் மோஷனோட உருவத்துலேர்ந்து வருது. ரெண்டையும் சேர்த்து படிக்கணும்.

7. பில்லு வந்தா வேகத்தை அளந்து பாருங்க

சாதாரணமா ஒரு பில், அதாவது சட்ட மசோதா, முதல் வாசிப்பு, ரெண்டாவது வாசிப்பு, கமிட்டி, ரிப்போர்ட், மூணாவது வாசிப்புன்னு வேற வேற நாள்ல போகும். அப்படி வேற வேற நாள்ல போகணும்னு அன்னிக்கு கட்டாயப்படுத்தினது லார்ட்ஸோட 39-வது நிலை ஆணை, அதாவது சபையோட நிரந்தர விதி, ரோமன் எண்ல போட்டிருப்பாங்க. அவசரம்னா அந்த ஆணையை நிறுத்தி வைப்பாங்க. "நிலை ஆணை 39 நிறுத்தி வைக்கப்பட்டு, பில் மூணாவது தடவை வாசிக்கப்பட்டு நிறைவேறிச்சு"ன்னு ஒரே மூச்சுல வர்ற வரியைப் பாத்தா போர் எந்த அளவுக்கு கழுத்தைப் பிடிச்சிருக்குன்னு புரியும்.

1940 மே 22 எடுத்துக்கோங்க. ஜெர்மன் படை பிரான்ஸுக்குள்ள கடற்கரை வரைக்கும் வந்துட்ட வாரம். ஆளுங்களையும் அவங்க சொத்தையும் அரசாங்கத்தோட கட்டளைக்கு கீழ கொண்டு வர்ற அவசர அதிகார (பாதுகாப்பு) சட்டம் ரெண்டு சபையையும் அன்னிக்கே தாண்டி, ராஜாவோட சம்மதமும் அன்னிக்கே வாங்கிடுச்சு. பேச்சு நீளத்தை வச்சு முக்கியத்துவத்தை எடை போடறவங்க இங்க ஏமாந்து போவாங்க, இவ்ளோ பெரிய அதிகாரத்துக்கு இவ்ளோ சின்ன விவாதமான்னு. வேகமே ஒரு முடிவுதான், அதையும் கட்டத்துல எழுதுங்க.

"கமிட்டி நிராகரிக்கப்பட்டது"ன்னு ஒரு வரி வரும். பில்லை நிராகரிச்சிட்டாங்கன்னு அலறாதீங்க. கமிட்டிங்கற கட்டத்தையே வேணாம்னு விட்டுட்டாங்க, பில் நேரா அடுத்த படிக்கு போகுதுன்னு அர்த்தம். பண பில்லுங்களுக்கு (வரி, அரசாங்கச் செலவு சம்பந்தப்பட்டது) இது வாடிக்கை, ஏன்னா 1911 பார்லிமென்ட் சட்டத்துக்கு அப்புறம் பண பில்லை லார்ட்ஸ் ஒரு மாசத்துக்கு மேல பிடிச்சு வைக்க முடியாது, திருத்தியும் பிரயோஜனம் இல்ல.

அதே 1911 சட்டத்துல ஒரு விதிவிலக்கு இருக்கு. பார்லிமென்ட்டோட ஆயுளை அஞ்சு வருஷத்துக்கு மேல நீட்டற பில்லை மட்டும் லார்ட்ஸோட சம்மதம் இல்லாம காமன்ஸ் நிறைவேத்தவே முடியாது. 1935 நவம்பர்ல தேர்ந்தெடுத்த பார்லிமென்ட் 1945 ஜூன் வரைக்கும் ஓடிச்சுன்னா, 1940-லேர்ந்து 1944 வரைக்கும் வருஷா வருஷம் ஒரு நீட்டிப்பு சட்டம் போட்டுத்தான். அந்த அஞ்சு பில்லுலயும் லார்ட்ஸ் கையில முழு பூட்டும் சாவியும் இருந்துச்சு. லார்ட்ஸ் விவாதம் எல்லாமே வெறும் பேச்சுன்னு நெனக்கறவங்க இந்த பில்லுங்களை எடுத்துப் பாக்கணும்.

பில்லுக்கு ராஜாவோட சம்மதம் கிடைக்கறதும் இங்கதான். ராஜா நேர்ல வரமாட்டார், அவர் நியமிச்ச கமிஷனர் லார்டுங்க உக்காருவாங்க, பிளாக் ராட்ங்கற அதிகாரி போய் காமன்ஸை கூப்பிட்டு வருவார், ஒவ்வொரு பில்லுக்கும் நார்மன் பிரெஞ்சுல ஒரு வாக்கியம் சொல்லுவாங்க, பொதுவா "ராஜா விரும்பறார்"னு. ஹான்சார்ட்ல பில் தலைப்புங்க மட்டும் வரிசையா இருக்கும், இந்த நடமாட்டம் எதுவும் விலாவாரியா இருக்காது. சட்டத்தோட மேற்கோள்ல ராஜாவோட ஆட்சி வருஷமும் அத்தியாய எண்ணும் வரும். மே 22 சட்டம், ஆறாம் ஜார்ஜோட 3, 4-வது ஆட்சி வருஷம், அத்தியாயம் 20. அன்னிக்கு சட்டத்துக்கு எண் குடுத்த முறை அது, அதை விட்டுட்டா பழைய சட்டத் தொகுப்புல தேடவே முடியாது.

8. காணாம போன நேரத்தை தேடாதீங்க

சில நாள் நடவடிக்கை திடீர்னு அறுந்து போகும், சபை ரகசியமா கூடிச்சுன்னு மட்டும் இருக்கும், அடுத்ததா சபை கலைஞ்சிடும். ஸ்கேன்ல பக்கம் விட்டுப் போச்சோன்னு வேற வேற தளத்துல தேடி நேரத்தை வீணாக்காதீங்க. ரகசியக் கூட்டத்துக்கு ரிப்போர்ட்டரை வெளிய அனுப்பிடுவாங்க, ஹான்சார்ட் எழுதவே இல்ல, உள்ள பேசினதை வெளிய சொன்னா பாதுகாப்பு விதிகள்படி குற்றம். காமன்ஸ் ரகசியக் கூட்டத்துல சர்ச்சில் பேசினது பின்னாடி வெளி வந்ததுகூட அவரோட சொந்தக் குறிப்புங்கள்லேர்ந்துதான்.

டேபிள்ல "ரகசியம்"னு எழுதிட்டு நகருங்க. அதே நாள்ல ரகசியமா போறதுக்கு முன்னாடி என்ன கேள்வி வந்துச்சு, எந்த அமைச்சர் எழுந்தார்னு மட்டும் குறிச்சுக்கோங்க, சில சமயம் விஷயம் என்னன்னு அதுலேர்ந்தே ஓரளவு பிடிபடும்.

"சபை சற்றே ஒத்திவைக்கப்பட்டது, சபை மறுபடி கூடியது"ன்னு வர்றது வேற. அது இடைவேளை, ரகசியம் இல்ல.

9. மரியாதை வார்த்தைக்குள்ள இருக்கற தகவலை எடுங்க

லார்ட்ஸ்ல பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க. பேச்சு லார்ட் சான்சலரைப் பாத்தும் இருக்காது, "மை லார்ட்ஸ்"னு சபை மொத்தத்தையும் பாத்துத்தான். காரணம், அன்னிக்கு சபைக்கு தலைமை வகிச்ச லார்ட் சான்சலருக்கு காமன்ஸ் சபாநாயகர் மாதிரி ஒழுங்கு கட்டுப்படுத்தற அதிகாரம் இல்ல, சபை தன்னைத்தானே பாத்துக்கும். அவரே அமைச்சரும் கூட, சொந்தக் கருத்து பேசணும்னா வுல்சாக்லேர்ந்து கொஞ்சம் தள்ளி வந்து நின்னு பேசுவார்.

"வீரம் மிக்க" லார்ட்னு வந்தா முன்னாள் படை அதிகாரி. டிரென்சார்ட், சாட்ஃபீல்ட் மாதிரி விமானப்படை, கடற்படை தலைமையில இருந்தவங்களை இப்படித்தான் குறிப்பாங்க, போர் பத்தின விவாதத்துல இந்த ஒரு அடைமொழி நிறைய சொல்லும். "கற்றறிந்த"ன்னா சட்டத்துறை. "நண்பர்"னு சேர்த்தா சொந்தக் கட்சி. "ரைட் ரெவரெண்ட் பிரிலேட்"னா பிஷப், "மோஸ்ட் ரெவரெண்ட் பிரைமேட்"னா ஆர்ச்பிஷப். "வேறொரு எடம்"னா காமன்ஸ், அந்தப் பேரை வாயால சொல்ல மாட்டாங்க. மொழிபெயர்க்கும்போது "வேறொரு இடத்தில் அமைச்சர் கூறினார்"னு அப்படியே விட்டீங்கன்னா படிக்கறவங்க ஏதோ பொதுக்கூட்டம்னு நெனச்சுக்குவாங்க.

பிஷப்புங்க உக்கார்ற பெஞ்ச் அரசாங்கத்தோட பக்கம்தான் இருக்கும், அதை வச்சு அவங்க ஆளுங்கட்சின்னு முடிவு கட்டாதீங்க. அடுத்த உதாரணத்துல இது நல்லா தெரியும்.

10. இப்ப பேச்சைப் படிங்க: 1944 பிப்ரவரி 9

இவ்ளோ நேரம் சொன்னதை ஒரு நாள் மேல வச்சுப் பாக்கலாம். லார்ட்ஸ் வால்யூம் 130, பத்தி 737. தேதி தெரியும். ரூம், ராபிங் ரூம். பேசறவர் சிச்செஸ்டர் பிஷப், தனிப்பேரு ஜார்ஜ் பெல், சபையில வெறும் லார்ட் பிஷப் ஆஃப் சிச்செஸ்டர்தான். மோஷன் வகை, எதிரி நாட்டு நகரங்கள் மேல குண்டு போடறதுல அரசாங்கத்தோட கொள்கை என்ன, பொதுமக்களுக்கும் ராணுவத்துக்கு சம்பந்தமில்லாத எடங்களுக்கும் என்ன ஆகுதுன்னு கேட்டு, கடைசியில பேப்பர். ஆக விவாதம் வேணும், ஓட்டு வேணாம்னு மோஷன் போட்டப்பவே அவர் முடிவு பண்ணிட்டார்.

இதெல்லாம் கட்டத்துல எழுதின பிறகு பேச்சைத் திறங்க. கஷ்டங்கள் சூழ்ந்த ஒரு கேள்வியைக் கேக்கறேன்னு தொடங்கறார். நேச நாடுகள் பக்கம் உறுதியா நிக்கறவங்களுக்கே இதுல கவலை இருக்குன்னு உடனே சேர்க்கறார், தன்னை யாரும் எதிரிக்கு வக்காலத்துன்னு சொல்லிடக் கூடாதுன்னு அந்த கவனம். ஐரோப்பாவை விடுவிக்க வந்த நாம நம்ம அதிகாரத்தை எப்பவும் சட்டத்தோட கட்டுப்பாட்டுக்குள்ள வச்சுதான் பயன்படுத்தணும்ங்கறது அவர் வாதத்தோட நடு நரம்பு. ஓய்வு பெற்ற ஆர்ச்பிஷப் லாங்கும் பேசறார். அதான் மூணாவது படியில பாத்தோமே, லார்ட் லாங் ஆஃப் லாம்பெத்னுதான் இருப்பார், பட்டத்தை ஆளோட சேர்க்காதவங்க இவரைத் தாண்டிப் போயிடுவாங்க. அரசாங்கத்துக்காக பதில் சொல்றது கிரான்போர்ன், அடைப்புக்குறியில செசில். ஓட்டெடுப்பு இல்லாம முடியுது.

ஓட்டு நடக்கலங்கறதால யாரு யாரு பெல் பக்கம்னு ஹான்சார்ட்லேர்ந்து எண்ணிச் சொல்ல முடியாது. பேசினவங்க பேரை வச்சு கணக்கு போட்டு "சபையில பெரும்பான்மை எதிர்ப்பு"ன்னு எழுதறது இங்க நடக்கற கடைசி தப்பு. வேற நாள்ல ஓட்டெடுப்பு இருந்தா "கன்டென்ட்" (ஆதரவு), "நாட் கன்டென்ட்" (எதிர்ப்பு)னு ரெண்டு பட்டியல் பேரோட இருக்கும், அங்க எண்ணுங்க. அந்த பட்டியல் சின்னதா இருந்தா ஆச்சரியப்படாதீங்க, மூணு பேர் இருந்தாலே சபை நடத்தலாம், பில் மேல ஓட்டு செல்லணும்னாத்தான் முப்பது பேர் வேணும்.

மேற்கோள் எழுதும்போது சபை, தேதி, வால்யூம், பத்தி எண்ணு நாலையும் போடுங்க: லார்ட்ஸ் விவாதம், 9 பிப்ரவரி 1944, வால்யூம் 130, பத்தி 737-லேர்ந்து. ஹான்சார்ட்ல இருக்கறது பேச்சோட பதிவு. பில் எந்த நேரத்துல எந்தக் கட்டம் தாண்டிச்சு, சபை அதிகாரபூர்வமா என்ன முடிவு எடுத்துச்சுன்னு சந்தேகம் வந்தா லார்ட்ஸ் ஜர்னல்னு தனியா ஒண்ணு இருக்கு, அதுதான் சபையோட முறையான பதிவேடு. ரெண்டும் முட்டிக்கிட்டா பேச்சுக்கு ஹான்சார்ட், முடிவுக்கு ஜர்னல்.